பாடசாலைச் சந்தையும் காசுப்பெட்டியும்

நூற்றாண்டு மலர் ஒன்றிலே கட்டடங்களின் வரலாறு இருக்கும். அதிபர்களின் வரலாறு இருக்கும். பரீட்சைப் பெறுபேறுகளும் விளையாட்டு வெற்றிகளும் இருக்கும். அவற்றை எழுதுவதற்கு என்னிலும் தகுதியுடையோர் பலர் உளர். நான் எடுத்துக்கொண்டது மிகச் சிறிய பொருள். ஒரு மேசை, அதன்மேல் விரித்த வெள்ளைத் துணி, பின்னால் நிற்கும் இரண்டு மூன்று மாணவியர், ஓரமாக ஒரு காசுப்பெட்டி. பாடசாலையில் நாம் போட்ட கடை.

எந்தத் தலைமுறையைச் சேர்ந்த பழைய மாணவியாயினும் ஒரு நாளாவது அந்த மேசைக்குப் பின்னால் நின்றிருப்பார். நம் பாட்டிமார் அதனைக் கைவேலை விற்பனை என்றார்கள். அம்மாமார் களியாட்ட விழா என்றார்கள். இன்றைய பிள்ளைகள் மாணவர் சந்தை என்றும் வர்த்தக தினம் என்றும் சொல்கிறார்கள். பெயர் மாறியதோடு அந்தக் கடை எதற்காக என்பதும் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தினூடே பெண்கள் கல்வியின் வரலாற்றில் ஒரு பகுதியையும் படிக்கலாம் என்பது என் எண்ணம்.

சந்தையில் நின்ற பெண்ணும் பள்ளியில் இருந்த பெண்ணும்

தமிழ் இலக்கியத்தில் விற்கப் போகும் பெண் புதியவள் அல்லள். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயர்குலப் பெண் மோர் விற்றுத் தன் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்யை விற்கும்போது அதற்குப் பொன்னை வாங்காமல் எருமையும் பசுவும் வாங்குகிறாள். பொன் பெட்டியில் கிடக்கும், எருமையோ கன்று போடும் என்ற கணக்கு அவளுக்குத் தெரிந்திருந்தது. முதலீடு என்ற சொல் இல்லாத காலத்து முதலீடு அது.

நம் குடாநாட்டிலும் அவளுடைய வழித்தோன்றல்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சுன்னாகம், திருநெல்வேலி, சாவகச்சேரி, கொடிகாமம் என்று எந்தச் சந்தைக்குப் போனாலும் கடகத்தோடும் சாக்கோடும் வந்து நிலத்தில் இருந்து விற்கும் பெண்களைக் காணலாம். கீரைப்பிடி, முருங்கைக்காய், தேங்காய், பனங்கிழங்கு, ஒடியல் என்று அவர்கள் கைபட்டு வந்தவை நம் எல்லோருடைய அடுப்படிகளுக்கும் வந்திருக்கின்றன.

ஆனால் பள்ளிக்கு அனுப்பப்பட்ட பெண்பிள்ளைக்குச் சந்தை விலக்கப்பட்ட இடமாயிற்று. சந்தைக்குப் போகாதிருப்பதே அவள் குடும்பத்தின் மதிப்பு என்று கருதப்பட்டது. இவ்வாறு ஒரே ஊரில் இரண்டு வகைப் பெண்கள் உருவானார்கள். ஒருத்திக்கு எழுத்துத் தெரியும், பேரம் தெரியாது. மற்றவளுக்குப் பேரம் தெரியும், எழுத்துத் தெரியாது. பாடசாலைக் கடையின் கதை இந்த இருவரும் மெதுவாக ஒருவரையொருவர் நெருங்கி வந்த கதையுமாகும்.

ரேந்தையும் தையலும்

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். எட்டு ஆண்டுகளின் பின், 1824இல், ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெண்பிள்ளையைப் படிக்க அனுப்புவது வழக்கமில்லாத காலம் அது. உணவும் உடையும் இலவசமாகக் கொடுத்தும், படித்து முடிக்கும் மாணவியின் திருமணத்துக்குச் சீதனம் கொடுத்தும் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. பின்னர் வேம்படியில் மெதடிஸ்த மிஷனாரும், 1896இல் சுண்டுக்குளியில் இங்கிலாந்துத் திருச்சபை மிஷனாரும் பெண்கள் பாடசாலைகளை நிறுவினர். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளுக்கென மருதனார்மடத்தில் கல்லூரி அமைத்தார்.

சமயத்தாலும் நிர்வாகத்தாலும் வேறுபட்ட இப்பாடசாலைகள் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டிருந்தன. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்பவற்றுக்குப் பக்கத்தில் தையலும் வீட்டுவேலையும் பெண்பிள்ளைக்குக் கட்டாயம் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாணவியர் ரேந்தை பின்னினார்கள். கைக்குட்டைகளுக்கு ஓரம் தைத்தார்கள். தலையணை உறைகளில் பூ வேலை செய்தார்கள். மிஷன் பாடசாலைகளில் இவை விற்பனைக்கும் வைக்கப்பட்டன. வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் பாடசாலையின் நண்பர்கள். அவர்கள் வாங்கியது ரேந்தையைவிட நற்காரியத்தில் ஒரு பங்கையே என்று சொல்லலாம்.

அந்த மேசையில் நின்ற மாணவிக்கு ஒன்று கிடைக்கவில்லை. விலையை அவள் தீர்மானிக்கவில்லை. வாங்குபவரின் விருப்பத்தை அவள் கேட்டறியவில்லை. காசுப்பெட்டியின் திறப்பு அவளிடம் இல்லை. நூலும் நேரமும் கண்ணின் ஒளியும் அவளுடையவை. கணக்குப் புத்தகம் வேறொருவருடையது.

இது பாடசாலையின் குறை மட்டும் என்று எண்ணக்கூடாது. ஊரின் சட்டமும் அப்படியே இருந்தது. யாழ்ப்பாணத்தவரின் விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்க முடியாதிருந்தது. சீதனமாக வந்தது அவளுடைய காணிதான். கையொப்பம் மட்டும் அவளுடையது போதாது. காசுப்பெட்டியைப் பிள்ளையிடம் கொடுக்காத பாடசாலை, காணியைப் பெண்ணிடம் கொடுக்காத சட்டத்துக்கு ஏற்றபடி அவளைப் பழக்கியது என்றே சொல்லவேண்டும்.

1927 நவம்பரில் காந்தியடிகள் கதர் நிதிக்காக யாழ்ப்பாணம் வந்தபோது உடுவிலிலும் இராமநாதன் கல்லூரியிலும் மாணவியரிடையே பேசினார். கதர் உடுத்தும் பெண் தான் எங்கோ காணாத ஒரு ஏழைப் பெண்ணின் நூற்புக்குக் கூலி கொடுக்கிறாள் என்பது அவருடைய இயக்கத்தின் அடிப்படை. வாங்குபவளுக்கும் பொறுப்பு உண்டு என்ற எண்ணம் நம் பெண்கள் பாடசாலைகளின் மண்டபங்களுக்குள் வந்த நாட்களில் அதுவும் ஒன்று. இக்கட்டுரையின் முடிவில் அதே எண்ணத்துக்கு நாம் திரும்ப வேண்டியிருக்கும்.

கட்டணமில்லாக் கல்வியும் களியாட்ட விழாவும்

1931இல் இலங்கைப் பெண்களுக்கு ஆண்களோடு சமமாக வாக்குரிமை வந்தது. 1945 ஒக்டோபரில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. முன்பு அண்ணனை மட்டும் படிக்க வைத்த வீடுகளிலிருந்து தங்கையும் படிக்க வந்தாள். வகுப்பறைகள் நிரம்பின. நிரம்பிய வகுப்பறைகளுக்குக் கூரையும் கதிரையும் தேவைப்பட்டன.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெற்ற பாடசாலைகளை அரசிடம் கொண்டுவந்தன. வேம்படி அரச பாடசாலையாயிற்று. சுண்டுக்குளி, உடுவில் போன்றவை தனியாக நிற்கத் தீர்மானித்தன. அப்படி நின்றவற்றுக்கு அரசின் உதவிப்பணம் இல்லை. மாணவரிடம் கட்டணம் வாங்கவும் அனுமதி இல்லை. ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? பெற்றார், திருச்சபை, நலன்விரும்பிகள், பழைய மாணவர் ஆகியோரிடமிருந்துதான் வரவேண்டும். அரசிடம் சென்ற பாடசாலைகளுக்கும் ஆய்வுகூடமும் மண்டபமும் தாமாக வந்துவிடவில்லை.

களியாட்ட விழா வலுப்பெற்றதற்குப் பின்னாலுள்ள காரணம் இது. வளையம் எறிதல், அதிர்ஷ்டத் தொட்டி, மீன் பிடித்தல், ஐஸ்கிறீம், கட்லற், ரோல்ஸ், மூலையில் ஓர் ஊறுகாய்க் கடை. உலகெங்கும் பரந்திருக்கும் நம் சகோதரிகள் இதை வாசிக்கும்போது அந்தச் சத்தம் காதில் கேட்கும் என்று நம்புகிறேன். பழைய மாணவியர் சங்கங்கள் உருவானதற்கும் நிலைத்ததற்கும் இவ்விழாக்கள் ஒரு காரணம். கூட்டம் கூடி ஒரு தீர்மானம் நிறைவேற்றுவதைவிட, நாற்பது பேர் சேர்ந்து ஒரே நாளில் ஆயிரம் வடை சுடுவது மனிதரை நெருக்கமாக்கும்.

ஆயினும் கடையின் தத்துவம் மாறவில்லை. அது இன்னமும் நற்காரியக் கடைதான். வாங்குபவர் ஏற்கெனவே நம்மீது அன்புள்ளவர். உறைப்புக் கூடினாலும் சிரித்துக்கொண்டு சாப்பிடுவார். மிச்சக் காசை வேண்டாம் என்பார். பாடசாலைக்கு அது பெரிய உதவி. கடையில் நிற்கும் பிள்ளைக்கு அது பெரிய பாடமன்று. பொருள் நல்லதா, விலை சரியா என்று சொல்லும் ஒருவரையும் அவள் சந்திக்கவில்லை.

தொழில் பாடமான காலம்

1972இல் வந்த கல்விச் சீர்திருத்தம் கனிஷ்ட இடைநிலை வகுப்புகளில் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது. அந்தந்த ஊரில் நடக்கும் தொழிலை அந்தந்த ஊர்ப் பாடசாலை கற்பிக்கவேண்டும் என்பது அதன் கருத்து. வெங்காயச் செய்கை, பன்னவேலை, மீன்பிடி, பால்பண்ணை ஆகியன பாடப்புத்தகத்துக்குள் வரக்கூடியவையாயின. 1975இல் முதன்முறையாக நடந்த தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சையிலும் இப்பாடங்கள் இடம்பெற்றன.

வெளியே காலமும் அதற்கு ஒத்திருந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டதால் யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் தெற்கில் நல்ல விலை கிடைத்தது. தோட்டக்காரரின் வீடுகளில் கல்வீடு எழுந்தது. பிள்ளைகளின் படிப்பு நீண்டது. தோட்டத்து வெங்காயத்தை எண்ணிக் கணக்குப் பழகிய பிள்ளை வகுப்பில் மதிக்கப்படலாம் என்ற நிலை சிறிது காலம் இருந்தது.

சிறிது காலம் என்று சொல்லக் காரணம் உண்டு. 1977இல் ஆட்சி மாறியதும் அந்தச் சான்றிதழ் கைவிடப்பட்டது. பெற்றாரும் அதற்காகப் பெரிதாக வருந்தவில்லை. பன்னவேலை படித்தால் வைத்தியராக முடியுமா என்பதே அவர்களுடைய கேள்வி. நம் சமூகம் பரீட்சையை ஏணியாகவும் தொழிலைச் சறுக்குமரமாகவும் பார்த்தது. ஒரு நல்ல எண்ணம் மண்ணில் வேர்விடுமுன் பிடுங்கப்பட்டது என்பதே என் கணிப்பு. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பனைப்பொருள் பற்றிப் பாடசாலையில் கற்ற பிள்ளைகள் அதன் பின்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

தடைக்காலத்துக் கைவினை

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை, பாடத்திட்டம் செய்ய முடியாததைச் செய்தது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், மின்கலம், மெழுகுதிரி என்று பட்டியல் நீண்டது. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டு, நூல்திரி இட்டு, அந்த வெளிச்சத்தில் உயர்தரம் படித்தவர்கள் இம்மலரின் வாசகர்களிடையே பலர் இருப்பீர்கள். பனங்காய்க் களியால் துணி துவைத்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். எது கிடைக்காதோ அதற்கு மாற்று எது என்று கண்டுபிடிப்பதும், அதைச் செய்துபார்ப்பதும், சரிவராவிட்டால் திருத்துவதும் அன்றாட வாழ்க்கையாயின.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளும் பெயர்ந்தன. மரநிழல்களிலும் கொட்டில்களிலும் வகுப்புகள் நடந்தன. அந்நாட்களில் வீதியோரத்தில் ஒரு சாக்கை விரித்து, கொண்டுவந்த சாமானில் எதையாவது வைத்து விற்று அடுத்த நேரச் சோற்றுக்கு வழி பார்த்த தாய்மார் பலர். படித்த பெண் சந்தைக்குப் போகமாட்டாள் என்ற பழைய மதிப்பு அந்தச் சாக்குகளின்மேல் முடிவுக்கு வந்தது. போர் முடிந்தபின் தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகையினர். அவர்களுக்குச் சிறுகடை என்பது பொழுதுபோக்கன்று. இன்று ஒரு பாடசாலைக் கடையைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிட்டுப் பேச முடியாது.

மாணவர் சந்தை

1998ஐ ஒட்டிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்னும் மூன்று வழிகளிலும் பிள்ளை கற்கவேண்டும் என்று வகுக்கப்பட்டது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடமும் வந்தது. அதன்பின் நம் ஆரம்பப் பாடசாலைகளில் மாணவர் சந்தை வழக்கமாயிற்று. வீட்டு வளவில் உள்ள கீரை, வாழைப்பூ, தேசிக்காய், முட்டை, அம்மம்மா சுட்ட பயற்றம் பணியாரம் ஆகியவற்றைப் பிள்ளைகள் கொண்டுவந்து விற்பார்கள். பெற்றாரும் ஊராரும் வாங்குவார்கள். ஐந்து ரூபாவுக்கும் பத்து ரூபாவுக்கும் மிச்சம் கொடுக்க விரல் மடித்து எண்ணும் பிள்ளையைப் பார்ப்பது இன்பந்தான்.

இங்கேயும் ஒரு குறை இருப்பதை ஆசிரியர்களே சொல்வார்கள். பிள்ளைக்குப் பின்னால் ஓர் அம்மா நிற்பார். விலையை அவர் சொல்வார், காசை அவர் எண்ணுவார். பிள்ளை தொப்பியோடு புகைப்படத்துக்கு நிற்கும். காசுப்பெட்டி இன்னமும் பெரியவர் கையில்தான்.

இவ்வாண்டுக் கடை: வரைதலும் சோதித்தலும்

சங்கத்தின் நூற்றாண்டையொட்டி இவ்வாண்டு நடந்த சந்தையில் பத்தாந்தர மாணவியர் ஒரு கடையை அமைத்தனர். பனைப்பொருட்கள் விற்கும் கடை. வருபவர் பார்த்துவிட்டுப் போகாமல் தொட்டு, முகர்ந்து, விடை சொல்லி, நிறுத்துப் பார்த்துப் பங்குகொள்ளவேண்டும் என்பது அவர்களுடைய திட்டம். ஊடாடும் கடை என்று பெயரும் வைத்தார்கள். மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார்: சந்தை நாளுக்கு முன் மூன்று தடவை கடையைச் சோதித்துப் பார்க்கவேண்டும், ஒவ்வொரு தடவையும் கண்டதை எழுதவேண்டும்.

முதலில் விளையாட்டுத் திடலில் கயிறு பிடித்துக் கடையின் அளவை நிலத்தில் வரைந்தார்கள். மூன்று அம்சங்கள் இருந்தன. ஒன்று, உள்ளே என்ன என்று கைவிட்டுக் கண்டுபிடிக்கும் மூடிய பெட்டி. இரண்டு, கேள்வியையும் சரியான விடையையும் கம்பியால் தொட்டால் மின்குமிழ் எரியும் பலகை. நம் காலத்து விஞ்ஞானக் கண்காட்சிகளில் தவறாமல் இருந்த அதே பலகைதான். தடைக்காலத்தில் மின்கலம் இல்லாமல் எரியாதிருந்த பலகையும் அதுவே. மூன்றாவது, ஒரு தராசு. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதற் சோதனைக்கு நான்காந்தரப் பிள்ளைகள் வந்தார்கள். மின்குமிழ்ப் பலகைக்கு முன்னால் பெரிய வரிசை. மறுபக்கத்தில் ஒடியலும் பனங்கட்டியும் தனியே கிடந்தன. ஒருவரும் எதையும் வாங்கவில்லை. விளையாட்டு கடையை விழுங்கிவிட்டது. மேசையும் உயரம், சிறியவர்களுக்குப் பொருளே தெரியவில்லை. மாணவியர் பலகையை ஓரத்திலிருந்து எடுத்துப் பொருட்களுக்கு நடுவில் வைத்தார்கள். எந்தக் கேள்விக்கு விடை சரியோ அந்தப் பொருளில் ஒரு துண்டு சுவைக்கக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். மேசைக்குப் பதிலாகப் பாடசாலை வாங்குகள் வந்தன.

இரண்டாம் சோதனைக்குத் தாய்மார் வந்தார்கள். மூடிய பெட்டிக்குள் கைவிட ஒருவரும் சம்மதிக்கவில்லை. உள்ளே பல்லியோ பூச்சியோ என்ற பயம். பெட்டி போய், மூடியோடு நீற்றுப்பெட்டிகள் வந்தன. மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கலாம். காசு வாங்குபவளே பேசவும் சுற்றிக் கொடுக்கவும் வேண்டியிருந்ததால் நெரிசல் உண்டாயிற்று. எனவே பேச ஒருத்தி, நிறுக்க ஒருத்தி, காசுக்கு ஒருத்தி என்று பிரித்தார்கள்.

மூன்றாம் சோதனை ஊர்ச் சந்தையில். ஒரு காலைப்பொழுது, வழமையாக விற்கும் பெண்களுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு விரித்துக்கொண்டு இருந்தார்கள். இங்கேதான் அவர்கள் அதிகம் கற்றார்கள். வந்தவர்கள் விலையைக் கேட்டார்கள், போனார்கள். பக்கத்தில் கீரை விற்றுக்கொண்டிருந்த முதிய பெண் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாராம்:

"பிள்ளையள், தலை குனிஞ்சு நிண்டால் ஆர் வாங்குவினம்?"

"விலை சொன்னவுடனை போயினம் ஆச்சி. என்ன செய்யிறது?"

"விலையை முதல்ல சொல்லாதை பிள்ளை. சாமானைக் கையிலை குடு. கையிலை வாங்கின சாமானைத் திருப்பி வைக்க மனம் வராது."

வரைபடமும் மின்கம்பியும் கொண்டு பிள்ளைகள் பல கிழமை தேடியதை அவர் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார். வாங்குபவரைப் பங்குகொள்ள வைப்பது சந்தைப் பெண்ணுக்குப் பரம்பரை அறிவு. அந்த அறிவைப் பாடசாலை அவளிடம் கேட்டு எழுதிக்கொண்டது நம் வரலாற்றில் சிறிய விடயமன்று.

இனித் தராசு. நம் சந்தைகளில் கழிவு என்றொரு வழக்கம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். விவசாயி பத்துக் கிலோ மரக்கறி கொண்டுவந்தால் ஒன்பது கிலோவுக்கே காசு. அழுகல், மண், நிறைக்குறைவு என்று காரணம் சொல்வார்கள். பிரதேச சபைகள் பல முறை தடுக்க முயன்றும் முழுமையாக ஒழியாத பிரச்சினை இது. மாணவியர் தராசில் ஒரு கிலோப் பைகள் பத்தை வைத்தார்கள். வருபவர் தாமே அவற்றை ஏற்றி நிறுக்கவேண்டும். "இதற்கு விவசாயிக்கு எத்தனை கிலோக் காசு கிடைக்கும்?" என்று கேள்வி. பத்து என்பதைத் தொட்டால் மின்குமிழ் எரியாது. ஒன்பதைத் தொட்டால் எரியும். சந்தை நாளன்று அந்தத் தராசுக்கு முன்னால் பெரியவர்கள் அதிக நேரம் நின்று வாதாடினார்கள். வியாபாரி ஒருவர் தம் பக்க நியாயத்தையும் சொன்னார்: அழுகும் பொருளுக்கு யார் பொறுப்பு என்று. பிள்ளைகள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அம்மாவின் நேரம்

சந்தை முடிந்தபின் கணக்குப் பார்த்தார்கள். புழுக்கொடியல் முழுவதும் விற்றுவிட்டது. பனாட்டு மிஞ்சியது, இளையவர்களுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. கிழங்கு, விறகு, பை, போக்குவரத்து எல்லாம் கழித்து நல்ல இலாபம் என்று எழுதினார்கள். அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "எங்கட அம்மா கிழங்கை உரிச்சு, அவிச்சு, கீறி, காயவைச்ச நேரம் எங்கை?"

அந்த நேரத்துக்கு ஊரிலுள்ள நாட்கூலியின்படி காசு போட்டுப் பார்த்தபோது இலாபம் நட்டமாயிற்று.

இந்த ஒரு கேள்விக்காகவே நான் இக்கட்டுரையை எழுத எண்ணினேன். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக நம் பாடசாலைகளில் பெண்பிள்ளைகள் ரேந்தை பின்னினார்கள், வடை சுட்டார்கள், பணியாரம் செய்தார்கள். அந்த நேரத்துக்கு விலை உண்டா என்று கணக்குப் புத்தகம் கேட்கவில்லை. காசுப்பெட்டி பிள்ளையின் கைக்கு வந்த முதல் ஆண்டிலேயே அந்தக் கேள்வி வந்துவிட்டது. பெட்டியை வைத்திருப்பவளுக்கே கணக்குத் தெரியவரும். கணக்குத் தெரிந்தவளே கேள்வி கேட்பாள்.

மாணவியர் கூடிப் பேசி, பொருள் தந்த தாய்மாருக்கு முதலில் கூலி கொடுப்பது, அடுத்த முறை விலையைச் சிறிது கூட்டுவது, பனாட்டுக்கு மட்டும் தனியாகச் சுவைக்கும் தட்டு வைப்பது என்று முடிவெடுத்தார்கள். கட்டட நிதிக்கு அந்தக் கடையிலிருந்து வந்த தொகை சிறியது. சங்கம் அதை முறைப்படி ஏற்றுப் பற்றுச்சீட்டும் கொடுத்திருக்கிறது.

பழைய மாணவியராகிய நமக்கு

ரொறன்ரோவிலோ, லண்டனிலோ, சிட்னியிலோ, கொழும்பிலோ, இந்த ஊரிலோ இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாடசாலைக்கு வரும்போது பிள்ளைகளின் கடைக்குச் செல்லுங்கள். அன்பினால் மட்டும் வாங்காதீர்கள். மிச்சக் காசை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடக்காதீர்கள். விலை ஏன் இவ்வளவு என்று கேளுங்கள். யார் செய்தது, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேளுங்கள். உப்புக் கூடியிருந்தால் சொல்லுங்கள். பிள்ளை தரும் மிச்சத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான். பொருள் நன்றாயிருந்தால், விலை நியாயமாயிருந்தால், இன்னும் பத்துப் பேருக்குச் சொல்லுங்கள். வெளிநாட்டுக் கடைகளில் நம் புழுக்கொடியலையும் பனங்கட்டியையும் காணும்போதும் அதே கேள்விகளைக் கேளுங்கள்.

நூறு ஆண்டுகளாக இச்சங்கம் பாடசாலைக்கு வேண்டியதைத் தேடிக் கொடுத்திருக்கிறது. வரும் ஆண்டுகளிலும் கொடுக்கும். கொடுக்கும் கையோடு காசுப்பெட்டியின் திறப்பையும் பிள்ளைகளிடம் கொடுப்போம். அவர்கள் கணக்கில் தவறினால் அடுத்த தவணையில் திருத்துவார்கள். அதற்கு அவர்களிடம் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. நம் கலைக்கூடம் வாழ்க. அதன் பிள்ளைகள் தம் கையால் உழைத்து, தம் கணக்கைத் தாமே பார்த்து, நிமிர்ந்து நிற்க.